முப்பதுக்கு மேல் முதல் முக்குளிப்பு

வளர்ந்தபின் நீச்சல் கற்பவர்களுக்குக் கஷ்டம் கை கால்களில் இல்லை, மூச்சில்தான். அதைச் சொல்லித்தருவதற்குப் பதிலாகப் பல குளங்களில் தூரத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

காலை மணி ஆறரை. மாநகராட்சி நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த முனை. ஒரு பக்கம் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் தவளைகளைப் போல் தொப் தொப்பென்று குதித்துக்கொண்டிருக்கிறார்கள். மறுபக்கம் சுவரோரக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றியபடி ஒரு கூட்டம். வங்கி அதிகாரி, பல் டாக்டர், இரண்டு குழந்தைகளின் தாய், அடுத்த வருடம் ஓய்வுபெறப்போகும் ரயில்வே ஊழியர். தண்ணீர் மார்பளவுதான். ஆனாலும் கம்பியை விட யாருக்கும் மனமில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை விடும்படி பயிற்சியாளர் குரல் கொடுக்கிறார். தலைகள் உள்ளே போகின்றன. அரை நொடியில் இருமலும் தும்மலுமாக வெளியே வருகின்றன. ஒரு பொடியன் சிரிக்கிறான்.

ஏப்ரல், மே மாதங்களில் மும்பை, பெங்களூர், தில்லி என்று எந்தப் பெருநகரத்திலும் காணக்கூடிய காட்சி இது. கம்பியைப் பிடித்திருப்பவர்களில் பலருடைய பெற்றோர் கிணற்றிலோ ஏரியிலோ ஆற்றிலோ விளையாட்டாக நீச்சல் பழகியவர்கள். குடும்பம் நகரத்துக்கு வந்தது. கிணறு போய் ஆழ்துளைக் குழாய் வந்தது. ஏரி பேருந்து நிலையமானது. ஒரு தலைமுறைக்குள் நீச்சல் இயல்பாக வரும் பழக்கம் என்ற நிலை மாறி, கட்டணம் செலுத்திக் கற்கும் கலையாகிவிட்டது. சிறு வயதில் அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்கள் தங்கள் குழந்தையைக் குளத்தில் சேர்க்க வரும்போதுதான், தாங்களும் கற்கலாமே என்று யோசிக்கிறார்கள்.

யோசிக்க வேறு காரணமும் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நீரில் மூழ்குதல் தடுப்புத் திட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 38,000 பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலக அளவில் 2021-ல் இந்த எண்ணிக்கை சுமார் 3 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். செய்தித்தாள் வாசகர்களுக்கு இந்தச் செய்திகளின் வார்ப்பு பழக்கமானது: சுற்றுலா சென்ற இடம், அணைக்கட்டு அல்லது கல்குவாரிக் குட்டை, ஒருவர் சறுக்கி விழுகிறார், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர். கடைசியில் மூன்று உடல்கள்.

வயதானபின் வராது என்று நினைப்பவர்கள் மிஹிர் சென்னை நினைத்துக்கொள்ளலாம். புருலியாவில் 1930-ல் பிறந்த சென், சட்டம் படிக்க 1950-ல் இங்கிலாந்து போனார். அந்த வருடம் அமெரிக்கப் பெண்மணி ஃபுளோரன்ஸ் சாட்விக் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் அவருக்கு நீச்சல் அனுபவம் மிகக் குறைவு. ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் சேர்ந்து ஃப்ரீஸ்டைல் முறையை அரிச்சுவடியிலிருந்து கற்றார். முதல் முயற்சிகள் தோற்றன. 1958 செப்டம்பர் 27-ல் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் ஆனார். நேரம் 14 மணி 45 நிமிடம். 1966-ல், 35 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தினார்; 25 மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. அதே வருடம் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய். சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே ஆண்டில் 6 நீர்ப்பரப்புகளைக் கடந்தபோது முறியடித்தது சென்னின் இந்தச் சாதனையைத்தான். குற்றாலீஸ்வரனைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு, முறியடிக்கப்பட்டவர் கிட்டத்தட்டப் புதிதாக நீந்தக் கற்ற ஒரு பாரிஸ்டர் என்பது தெரிந்திருக்கும்?

குளத்தின் முனையில் நிற்கும் வங்கி அதிகாரிக்குக் கால்வாய் வேண்டாம். 25 மீட்டர் போதும். அதற்கும் முன்னால் அவர் கற்க வேண்டியது மூச்சு விடுவது.

தரையில் மூச்சை யாரும் எண்ணுவதில்லை. தண்ணீரில் முகம் போனவுடன் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம், மூச்சைப் பிடித்துக்கொள்வது. வாய் வெளியே வரும் ஒரு நொடியில் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றையும் இழுக்கப் பார்ப்பார்கள். இரண்டும் பாதிதான் நடக்கும். நான்கைந்து முறை இப்படியானதும் நெஞ்சு அடைக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும். உண்மையில் அப்போது குறைந்திருப்பது பிராணவாயு அல்ல. கூடியிருப்பது கரியமில வாயு. மூச்சிழுக்கச் சொல்லி மூளையை நச்சரிப்பது அதுதான். எனவே முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வரும்போது இழுக்க மட்டும் செய்தால் போதும். 20 மீட்டரில் மூச்சிரைத்து நிற்கும் பலருக்கு ஸ்டாமினா குறைவு என்று சொல்லப்படுகிறது. மாடிப்படி ஏறி இறங்குபவர்கள், தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவர்களும் அப்படி நிற்கிறார்கள். குறை அவர்கள் தெம்பில் இல்லை.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு வாளித் தண்ணீர், அல்லது அகலமான பேசின். முகத்தை அமிழ்த்தி மெதுவாகக் குமிழி விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுப்பது. ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் இதைச் செய்துவிட்டுக் குளத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே மற்றவர்களை முந்திவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அதையும் சேர்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது மிதப்பது. மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையதுதான். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர்கள் தானாகவே மிதப்பார்கள். ஒல்லியான, தசை இறுகிய ஆண்களுக்குக் கால்கள் மட்டும் கொஞ்சம் தாழும். இதைக் கெடுப்பது தலை. அதன் எடை சுமார் 5 கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தப் பாரம் தெரியாது. பயத்தில் தலையைத் தூக்கியவுடன் மொத்தச் சுமையையும் உடம்பு தாங்க வேண்டியதாகிறது. இடுப்பு இறங்குகிறது, கால்கள் தொங்குகின்றன. கிராமத்தில் இதற்கு 'கடப்பாரை நீச்சல்' என்று பெயர்.

பெரியவர்களின் பீதிக்கு இன்னொரு காரணம் உண்டு. அதை ஏனோ பல பயிற்சியாளர்கள் கவனிப்பதில்லை. குப்புற மிதப்பவருக்கு மறுபடி எழுந்து நிற்பது எப்படி என்று தெரியாது. காலை நேராகக் கீழே இறக்கப் பார்ப்பார், அது இறங்காது, மார்பளவுத் தண்ணீரில் தத்தளிப்பார். வழி சுலபமானது: முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கி, இரண்டு கைகளாலும் தண்ணீரைக் கீழே அழுத்தி, பாதம் தரையில் பட்ட பிறகு தலையைத் தூக்குவது. இதை முதல் நாளே பத்து முறை செய்யவைத்தால் கம்பியை விடாத கைகள் தாமாக விட்டுவிடும்.

அதன்பின் சுவரை உதைத்து வழுக்குவது, பலகையைப் பிடித்துக் காலடிப்பது. நாற்பது வயதுக் கணுக்கால் நாற்காலிக்கும் ஷூவுக்கும் பழகியது, விறைப்பாக இருக்கும். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பார்கள். நுரை நிறைய வரும், நகர்வு இருக்காது. சிலர் பின்னோக்கிக்கூடப் போவார்கள். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், கணுக்கால் துணிபோல் தளர்ந்திருக்க வேண்டும்.

ஃப்ரீஸ்டைலா, ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கா என்ற சர்ச்சை எல்லாக் குளங்களிலும் உண்டு. பெரும்பாலான இந்தியப் பயிற்சியாளர்கள் முன்னதில்தான் தொடங்குவார்கள். பின்னதில் முன்னால் பார்த்தபடியே மூச்சிழுக்கலாம் என்பதால் பயந்தவர்களுக்கு ஏற்றது. ஆனால் அதன் தவளை உதை முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. மூட்டு வலிக்காக டாக்டர் சொல்லி நீச்சலுக்கு வருகிறவர்கள் இதை முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. காக்காய் வலிப்பு, இதய நோய், செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. பல குளங்களில் டாக்டர் சான்றிதழ் கேட்பதை வெறும் சம்பிரதாயமாக நினைத்து, யாரிடமோ கையெழுத்து வாங்கிக் கொடுப்பது சகஜமாக நடக்கிறது.

எங்கே கற்பது? மும்பை மாநகராட்சி தன் குளங்களில் கோடைகாலத்தில் புதியவர்களுக்கு 21 நாள் பயிற்சி நடத்திவருகிறது. பதிவு இணையம் வழியாக. தில்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்ட தல்கடோரா குளமும், டி.டி.ஏ. விளையாட்டு வளாகங்களும் இருக்கின்றன. திறந்தவெளிக் குளங்கள் அங்கே குளிர்காலத்தில் மூடப்படும் என்பதால், ஏப்ரலில் சேராமல் ஆகஸ்டில் சேர்கிறவர் கற்றதையெல்லாம் மார்ச்சுக்குள் மறந்துவிடுவார். கொல்கத்தாவின் வழி தனி. காலேஜ் ஸ்கொயர், ஹெதுவா, ரவீந்திர சரோவர் ஆகிய நீர்நிலைகளை ஒட்டிய சங்கங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லித்தருகின்றன. ரவீந்திர சரோவரில் உள்ள, முன்பு ஆண்டர்சன் கிளப் எனப்பட்ட இந்தியன் லைஃப் சேவிங் சொசைட்டி, பெயருக்கேற்ப உயிர்காக்கும் பயிற்சியையும் தருகிறது. பெங்களூரில் பசவனகுடி, சென்னையில் மெரினா மாநகராட்சிக் குளம், 1995 தெற்காசிய விளையாட்டுக்காக வேளச்சேரியில் கட்டிய வளாகம் என்று பட்டியல் நீளும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் அழகாக இருக்கும். ஆழம் பெரும்பாலும் நாலடி, வடிவம் அவரைக்கொட்டை. மூச்சுப் பழகவும் மிதக்கவும் அருமையான இடம். கூட்டம் கிடையாது, வெட்கமும் இல்லை. ஆனால் அங்கு மட்டுமே கற்றவருக்கு நீச்சல் தெரியும் என்று சொல்ல முடியாது. கால் எட்டும் என்ற தைரியத்தில் நீந்துவது வேறு, கால் எட்டாத இடத்தில் நீந்துவது வேறு.

குளத்தில் நெடி மூக்கைத் துளைத்தால் குளோரின் அதிகம் என்று பலர் புகார் செய்கிறார்கள். அந்த நெடி பெரும்பாலும் வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைன்களுடையது. அதாவது தண்ணீர் அசுத்தமாக இருக்கிறது, குளிக்காமல் இறங்குகிறார்கள் என்று பொருள். அடித்தரையில் உள்ள கோடு தெளிவாகத் தெரியாத குளத்தில் கட்டணம் கட்ட வேண்டாம். மூழ்கிக் கிடப்பவரும் அதில் தெரியமாட்டார்.

சாமான்களைப் பொறுத்தவரை கடைக்காரர் காட்டுவதில் பாதி தேவையில்லை. அவசியமானது கண்ணாடி. காகில்ஸை ரப்பர் பட்டை போடாமல் கண்குழியில் லேசாக அழுத்தினால் இரண்டு நொடியாவது ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். விலை சில நூறு ரூபாய் போதும். கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பவர் உள்ள காகில்ஸ் கிடைக்கிறது. கான்டாக்ட் லென்ஸோடு நீந்துவது ஆபத்து. லென்ஸில் தங்கும் ஒருவகை அமீபா கருவிழியையே அரித்துவிடக்கூடும். தொப்பி முடியைக் காப்பாற்றுவதற்கல்ல, குளத்தின் வடிகட்டியைக் காப்பாற்ற; சிலிக்கான் தொப்பி நீடிக்கும், துணித் தொப்பி தலையை இறுக்காது. பலகை குளத்திலேயே கிடைக்கும். மூக்கு கிளிப்பை முதல் மாதம் வாங்காமல் இருந்தால் மூக்கால் காற்று விடும் பழக்கம் வரும். ஸ்பீடோ, டெகாத்லான் என்று பெயருள்ள உடை இல்லாவிட்டாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான் உடை வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். பல குளங்களில் அனுமதியும் இல்லை. நீந்தியபின் காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வெளியேற்றினால் போதும், பஞ்சுக் குச்சி காதுக்கு எதிரி.

காற்றடைத்த டியூப்பும் கைவளையங்களும் வேறு ரகம். அவை உடம்பைச் செங்குத்தாக நிறுத்துகின்றன. நீச்சலுக்கு வேண்டியதோ படுக்கை நிலை. இந்த விஷயத்தில் பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். தமிழ்நாட்டுக் கிணறுகளிலும் மகாராஷ்டிரக் கிராமங்களிலும் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தான் இறக்கிவிடுவார்கள். அது இடுப்பைத் தூக்கிக் கொடுக்கும், கை கால்கள் தாராளமாக இயங்கும்.

பெண்களுக்குச் சாமானைவிடப் பெரிய பிரச்னை நேரமும் உடையும். பல பொதுக் குளங்களில் மகளிர் நேரம் ஒரே ஒரு மணி. அதுவும் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் அல்லது உச்சி வெயில். பெண் பயிற்சியாளர்கள் குறைவு. உடை விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது: முழங்கால்வரை அல்லது கணுக்கால்வரை, முழுக்கை வைத்த நீச்சல் உடைகள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன, குளங்களும் ஏற்கின்றன. மாதவிடாய் நாட்களில் கப் அல்லது டாம்பான் போட்டுக்கொண்டு நீந்துவதில் மருத்துவ ரீதியாகத் தடையில்லை. தடை போடுவது பெரும்பாலும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்.

மூச்சு வந்து, மிதப்பும் வந்துவிட்டால் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். ஒரே மூச்சில் பத்து நீளம் அடிக்கப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு 25 மீட்டருக்கும் நடுவில் நின்று இளைப்பாறுவது பலன் தரும். போட்டி ஆசை வந்தாலும் வழியுண்டு: மாஸ்டர்ஸ் எனப்படும் போட்டிகள் 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக நடக்கின்றன. ஒன்றை மட்டும் யாரும் செய்யக் கூடாது. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டுவிட்டு, நீருக்கடியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது. கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூளைக்கு எச்சரிக்கை வராது. பிராணவாயு தீர்ந்து அப்படியே மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்துபவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

கோளாறு பயிற்சியின் முடிவில்தான் இருக்கிறது. மூன்று வாரம் முடியும்போது பல இடங்களில் ஒரே ஒரு சோதனை: குளத்தின் அகலத்தைக் கடந்துவிட்டாரா? கையைக் காலை அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டால் போதும், நீச்சல் தெரிந்தவர். இந்தச் சான்றிதழ்தான் பயமாக இருக்கிறது. ஆற்றில் தவறி விழுகிறவருக்கு எதிர்ச் சுவர் கிடையாது. அவருக்குத் தேவை, மல்லாந்து மிதந்து மூச்சு விட்டபடி உதவி வரும்வரை காத்திருப்பதும், ஆழத்தில் நின்ற நிலையிலேயே காலால் தண்ணீரைத் துழாவித் தலையை வெளியே வைத்திருப்பதும். இந்த இரண்டும் வந்தவர் நான்கு ஸ்ட்ரோக்கும் தெரியாவிட்டாலும் பிழைக்கக்கூடும். இவை இல்லாமல் 50 மீட்டர் வேகமாக அடிப்பவர் 51-வது மீட்டரில் என்ன செய்வார்?

கேரளத்தின் ஆலுவாயில் பெரியாற்றிலேயே இலவசமாக நீச்சல் சொல்லித்தருகிறார் சஜி வாளாசேரில். 2007-ல் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து 15 பள்ளிக் குழந்தைகளும் 3 ஆசிரியர்களும் இறந்த சம்பவம்தான் அவரை இதில் இறக்கியது. அவருடைய மாணவர்களில் சிறுவர்கள் உண்டு, பார்வையற்றவர்கள் உண்டு, அறுபது தாண்டிய பெண்கள் உண்டு. படிப்பு முடிந்ததற்கு அடையாளம் பெரியாற்றைக் குறுக்கே நீந்திக் கடப்பது. காவலுக்குப் படகு கூடவே வரும். எல்லோருக்கும் ஆறு வாய்க்காது என்றாலும், குளத்திலும் இதில் ஒரு பகுதியைச் செய்யலாம். பயிற்சியாளர் அருகில் இருக்க, நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஒரு நாள் சட்டையும் பேன்ட்டும், அல்லது சல்வாரும் அணிந்து இறங்கிப் பார்க்க வேண்டும். யாரும் நீச்சல் உடையில் தவறி விழுவதில்லை.

அதற்காக வெள்ளத்தோடு மல்லுக்கட்டலாம் என்று அர்த்தமல்ல. லோனாவாலாவில் புஷி அணை அருகே 2024 ஜூன் 30-ல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை அருவி வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பாறைமேல் பாயும் அப்படிப்பட்ட தண்ணீரில் எந்த ஸ்ட்ரோக்கும் உதவாது. மூழ்குபவரைக் காப்பாற்ற, நீந்தத் தெரிந்தவரும்கூட முதலில் நீட்ட வேண்டியது கழியை, புடவையை, துண்டை. வீச வேண்டியது கயிற்றை, மூடி இறுக்கிய காலிக் கேனை. குதிப்பது தேர்ந்த உயிர்காப்பாளரின் வேலை. மூழ்குபவர் பிடிக்கும் பிடியில் காப்பாற்ற வந்தவரும் சேர்ந்து போவார்.

மூன்று வாரம் கழிகிறது. அதே குளம், அதே ஆறரை மணி. இப்போது கூட்டம் நிற்பது ஆழமான முனையில். பல் டாக்டர் ஏற்கெனவே இரண்டு நீளம் அடித்துவிட்டு மேலே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கம்பி மறந்தே போய்விட்டது. ரயில்வே ஊழியர் ஒரு நீளம்கூட முழுதாகப் போனதில்லை. ஆனால் மல்லாந்து படுத்து, காது இரண்டும் தண்ணீரில் மூழ்க, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் கேட்பதில்லை. வங்கி அதிகாரி நடுவில், கால் எட்டாத இடத்தில், தவளைபோல் காலைத் துழாவியபடி முகத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறார். உதடு லேசாக நடுங்குகிறது. கரையில் பயிற்சியாளர் நீண்ட கழியோடு நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. இன்னும் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டுகிறார்.